தெருப் பாதுகாப்புக்குக் குடியிருப்போர் நலச்சங்கம் செய்ய வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

சென்னையின் உள்தெருக்களில் இயங்கும் எந்தக் குடியிருப்போர் நலச்சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினாலும், ‘நமது தெருவில் வேகத்தடை அமைத்துத் தருமாறு மாநகராட்சியைக் கேட்டுக்கொள்வதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற வாசகம் ஆண்டுக்கு ஒரு முறையாவது தென்படும். தீர்மானம் மனுவாகி வார்டு அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து பதில் வராது. அதிகாரிகளின் அலட்சியம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருக்கு, எதனால் ஆபத்து என்பதை அந்த மனு சொல்வதில்லை. அந்தச் சாலை யாருடைய பொறுப்பு என்பதும் அதில் இருப்பதில்லை. ஒரு சங்கத்தின் செயலாளராக இருந்த காலத்தில் நானும் அப்படிப்பட்ட மனுக்களை எழுதியிருக்கிறேன். ஒரு பக்கக் கணக்கெடுப்புத் தாளை இணைத்து அனுப்பிய மனுவுக்குத்தான் அளவு நாடாவோடு ஒரு பொறியாளர் நேரில் வந்தார். அந்த வேறுபாட்டிலிருந்து கற்றதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையைச் சார்ந்தவை என்றாலும், தமிழ்நாட்டின் மற்ற மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளுக்கும் நடைமுறை ஏறக்குறைய இதுவே.

முதலில் சங்கம் ஒழுங்காக இருக்க வேண்டும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நோக்கங்களைக் கூறும் விவரக் குறிப்பும், பைலா என்று வழங்கும் துணை விதிகளும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அளிக்கப்பட வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டுவதும் தணிக்கை செய்த கணக்கை ஒப்படைப்பதும் கட்டாயம். பதிவு எண் இல்லாத சங்கமும் மனுக் கொடுக்கலாம் என்றாலும், பின்னால் வழக்கு, ஒப்பந்தம், அரசுத் திட்டத்துக்கான பங்களிப்பு என்று வரும்போது பதிவு தேவைப்படும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல சங்கங்களில் வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டுமே இடம் உண்டு. போக்குவரத்து விஷயத்தில் இது பெருங்குறையாகிவிடுகிறது, ஏனெனில் தெருவில் நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்களில் பலர் வாடகைக் குடித்தனக்காரர்களின் பிள்ளைகளும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களும்தான். இந்தப் பணிக்கென அமைக்கும் துணைக்குழுவில் ஒரு வாடகைதாரர், தெருமுனை மளிகைக் கடைக்காரர், பள்ளி செல்லும் குழந்தையின் பெற்றோர் ஒருவர், தனியே நடந்து செல்லும் மூத்த குடிமகன் ஒருவர் ஆகியோரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. காரில் மட்டுமே வெளியே செல்கிறவர்களைக் கொண்ட குழு, ‘தெருவில் நெரிசல்’ என்பதைத்தான் பிரச்சினையாகக் காணும். நடக்க இடமில்லை என்பது அதன் கண்ணில் படாது.

சாலை யாருடையது என்று கண்டறிதல்

ஒரே தெருமுனையில் நான்கு அலுவலகங்களின் பொறுப்பு சந்திக்கும் என்பதால், இந்தப் படியைத் தாண்டிச் செல்லக் கூடாது. உட்புறச் சாலைகள் மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தைச் சேர்ந்தவை; அவற்றுக்கு வார்டின் உதவிப் பொறியாளரே முதல் அதிகாரி. பேருந்து செல்லும் சாலைகளைச் சென்னை மாநகராட்சியில் பேருந்து தடச் சாலைகள் துறை தனியாகக் கவனிக்கிறது. அண்ணா சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையின்கீழ் வருகின்றன. தேசிய நெடுஞ்சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 என்ற எண்ணில் புகார் பதியலாம். தெருவிளக்கு உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. சிக்னல், ஒருவழிப்பாதை, நிறுத்தத் தடை, வேக வரம்பு ஆகியவை போக்குவரத்துக் காவல்துறையின் கையில் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 112, 115, 116 ஆகிய பிரிவுகளே அவற்றுக்கு அடிப்படை. குடிநீர் வாரியம் தோண்டிய பள்ளத்தை யார் மூட வேண்டும் என்ற பழைய தகராறு வேறு.

ஆகவே ஒரு வெள்ளைத் தாளில் தெருவை வரைந்து, ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் அதற்குரிய அலுவலகத்தின் பெயரை எழுதுங்கள். வேகத்தடை கேட்டுப் போக்குவரத்து ஆய்வாளரிடமும், நிறுத்தத் தடைப் பலகை கேட்டு உதவிப் பொறியாளரிடமும் மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் சங்கங்கள் உண்டு.

கணக்கெடுப்பு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். செலவு இல்லை, ஒரு வாரம் போதும்.

பள்ளி நடக்கும் சாதாரண வேலை நாட்கள் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். காலை 8 முதல் 9.30 வரையும், பள்ளி விடும் நேரத்திலும், மாலை 6 முதல் 8 வரையும் தெருவின் இரு புறமும் ஒருவர் வீதம் நிற்க வேண்டும். தாளில் 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். இருசக்கர வாகனம், ஆட்டோ, கார், வேன், கனரக வாகனம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிசை. சாலையைக் குறுக்கே கடப்பவர்களுக்கு ஒரு வரிசை. அவர்களில் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தனியே ஒரு வரிசை. தண்ணீர் லாரிகளைப் பிரித்து எண்ணுவது பயன் தரும், ஏனெனில் அவற்றின் நேரத்தை மாற்றுவது மற்ற எதையும் விட எளிது. மழை நாளையும் தேர்வுக் காலத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. தெரு ஓரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் சுண்ணாம்புக்கட்டியால் இரண்டு கோடுகள் போட்டு, வண்டி முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டுக்கு வர எத்தனை நொடி ஆகிறது என்று கைபேசியின் நிறுத்துக்கடிகாரத்தில் பாருங்கள். 180-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது கிடைத்துவிடும். 6 நொடி என்றால் 30, 4.5 நொடி என்றால் 40, 3.6 நொடி என்றால் 50. சென்னையில் 2023 நவம்பர் முதல் குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 கிலோமீட்டர் என வேக வரம்பு அறிவிக்கப்பட்டுள்ளது. எனவே 6 நொடிக்குள் கடந்த வண்டிகள் எத்தனை என்று சொன்னாலே, அந்தத் தெருவில் வரம்பை மீறியவை எத்தனை என்பது தெரிந்துவிடும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதற்குள் 8.3 மீட்டர் போயிருக்கும். 50 கிலோமீட்டரில் ஏறத்தாழ 14 மீட்டர். வேகம் ஏன் முக்கியம் என்று பொதுக்குழுவில் விளக்க இந்த இரண்டு எண்களே போதும்.

கடக்குமிடம் கேட்பதற்கு இந்திய சாலைக் காங்கிரஸின் நெறிமுறையான ஐ.ஆர்.சி. 103-இல் ஓர் அளவுகோல் உண்டு. நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் சாலையைக் கடக்கும் மக்களின் எண்ணிக்கையை, அதே நேரத்தில் இரு திசையிலும் செல்லும் வாகன எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் விடை பத்துக் கோடியையும், தடுப்பு உள்ள சாலையில் இருபது கோடியையும் தாண்டினால், சிக்னல் போன்ற கட்டுப்பாடுள்ள கடக்குமிடம் தேவை என்று கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, 400 பேர் கடக்கும் இடத்தில் 600 வண்டிகள் போனால் விடை 14 கோடியே 40 லட்சம். பொறியாளரிடம் இந்த எண்ணை நீட்டினால் உரையாடலின் போக்கே மாறிவிடும். மனிதர்களை ஒரு முறையும் வண்டிகளை இரு முறையும் பெருக்கும் அளவுகோல் இது என்பதால், வண்டி குறைவான பள்ளித் தெருக்கள் இதில் தேறாமல் போகலாம். அங்கே எண்ணைக் காட்டாமல், கடக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையைத் தனியே எடுத்துச் சொல்வதே சரி.

எண்கள் சொல்லாததைக் கண் சொல்லும். எங்கள் தெரு பிரதான சாலையைச் சந்திக்கும் முனையில் இரண்டு ஆண்டுகளாக வேகத்தடை கேட்டுக்கொண்டிருந்தோம். கணக்கெடுப்பு நாளில் காலை எட்டேகாலுக்கு நான் அந்த முனையில் நின்றேன். சைக்கிளில் வந்த ஒரு பள்ளி மாணவி, முனையை ஒட்டி நிறுத்தப்பட்டிருந்த ஒரு காரின் முன்பக்கம் வரை வந்து காலை ஊன்றினாள். கழுத்தை நீட்டிப் பார்த்தாள். எதுவும் தெரியாததால் சைக்கிளின் முன்சக்கரத்தை மட்டும் சாலைக்குள் தள்ளிவிட்டு, அதன் பிறகு மறுபடி எட்டிப் பார்த்தாள். வலப்புறமிருந்து வந்த மோட்டார் சைக்கிள் ஹாரனை அடித்தபடி அந்தச் சக்கரத்தை ஒட்டி வளைந்து சென்றது. அவளுக்குப் பின் வந்தவர்களும் அதே இடத்தில் அதே போலக் கழுத்தை நீட்டினார்கள். அங்கே பிரச்சினை வேகம் அன்று. பார்வையை மறைத்த அந்தக் கார். எங்கள் தீர்மானங்கள் எல்லாம் தவறான மருந்தைக் கேட்டுக்கொண்டிருந்தன.

ஆவணங்களைத் திரட்டுதல்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் விண்ணப்பிக்கும்போது சங்கத்தின் பெயரில் அல்லாமல், ஒரு தனிநபர் குடிமகனாகத் தம் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, உரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம். ‘ஏன் இன்னும் வேகத்தடை போடவில்லை?’ என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் விடை கிடைக்காது. பதிவேட்டில் உள்ளதைத்தான் கேட்க முடியும். ‘கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தச் சாலையில் பதிவான விபத்துகளின் எண்ணிக்கை, தேதி, நேரம், இடம்’ என்று காவல்துறையிடமும், ‘இச்சாலை கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, அதற்கான மதிப்பீட்டின் நகல்’ என்று மாநகராட்சியிடமும் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பயனில்லையென்றால் 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

சிறிய மோதல்கள் காவல் நிலையம் வரை போவதில்லை. தெருவாசிகள் தாங்கள் கண்ட விபத்துகளை எழுத ஒரு நோட்டுப் புத்தகத்தை முனைக் கடையில் வைக்கலாம். பெயர்களும் வண்டி எண்களும் அதில் வேண்டாம். நாள், நேரம், இடம், என்ன நடந்தது என்பவை மட்டும் போதும்.

எந்தத் தீர்வைக் கேட்பது?

வேகத்தடையிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். ஐ.ஆர்.சி. 99 என்ற நெறிமுறையில் உள்ள வழக்கமான வடிவம், 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்லைப் போல மெல்ல ஏறி இறங்கும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பெரிய குலுக்கலின்றிக் கடக்கும். கறுப்பு வெள்ளைப் பட்டைகளும், 40 மீட்டர் முன்னதாக எச்சரிக்கைப் பலகையும் அவசியம். நம் தெருக்களில் ஓரடி அகலத்தில் திண்ணை போல எழுப்பப்படுபவை இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் இருசக்கர வாகனத்தின் பின்னால் அமர்ந்திருப்பவர் தூக்கி எறியப்படுகிறார். 108 ஊர்தி நின்று நின்று போகிறது. மழைநீர் ஒரு பக்கம் தேங்குகிறது. யார் வீட்டு வாசலில் அமைகிறதோ அவர் இரவெல்லாம் பிரேக் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மறுமாதமே அதை எடுக்கச் சொல்லி மனுக் கொடுப்பார். எனவே வேகத்தடைதான் தேவை என்று கணக்கெடுப்பு காட்டினால், அளவைக் குறிப்பிட்டே கேளுங்கள். பள்ளி வாசலில் ஜீப்ரா கிராசிங்கையே மேடாக்கி அமைப்பது அதைவிட நல்லது. வேகமும் குறையும், கடக்க இடமும் கிடைக்கும்.

அதற்கு முன் பார்க்க வேண்டிய மலிவான தீர்வுகள் பல உண்டு. தெருவிளக்கை மறைக்கும் மரக்கிளையைக் கழிப்பது ஒரு நாள் வேலை. சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணிலேயே அதைக் கேட்கலாம். முனையில் நிறுத்தத் தடைப் பலகையும் ஓரக் கோடும் பார்வையைத் திறந்துவிடும். பள்ளி நிர்வாகத்தோடு பேசி, சின்ன வகுப்புகளை இருபது நிமிடம் முன்னதாக விடச் செய்தால் வேன்கள் ஒரே நேரத்தில் குவிவது குறையும். ஒருவழிப்பாதை கேட்கும் ஆசை பல சங்கங்களுக்கு உண்டு. எதிரே வண்டி வராது என்ற துணிவில் வேகம் கூடும் என்பதையும், பக்கத்துத் தெருவின் சுமை ஏறும் என்பதையும் எண்ணிப் பார்த்து, அந்தத் தெருச் சங்கத்தோடு பேசிய பிறகே அதைக் கேட்க வேண்டும்.

நடைபாதை நீண்டகால வேலை. தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று ஐ.ஆர்.சி. 103 கூறுகிறது. முழங்கால் உயர நடைபாதையில் எந்தப் பாட்டியும் ஏறமாட்டார், சாலையில்தான் நடப்பார். சாலை புதுப்பிக்கப்படும் செய்தி கிடைத்தவுடனே, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகு போடும்படி, அதாவது மில்லிங் செய்யும்படி, எழுத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சாலை உயர்ந்து வீடுகள் பள்ளத்துக்குப் போகும். மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென 2014-இலேயே ஒரு கொள்கையைச் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது என்பதை மனுவில் நினைவூட்டலாம்.

நடைபாதை என்றதும் பலருக்குத் தள்ளுவண்டிக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குடியிருப்போர் நலச்சங்கங்களுக்கும் இடமளிக்கிறது. ‘அகற்றுக’ என்று எழுதுவதைவிட, எந்த இடத்தில் இருந்தால் இருவருக்கும் வழி கிடைக்கும் என்று எழுதுவதே பயன் தரும். மேலும், நடைபாதையை அடைப்பதில் வீட்டு வாசல்களில் எழுப்பிய சாய்தளங்களுக்கும் நம் சொந்த வண்டிகளுக்கும் உள்ள பங்கைக் கணக்கெடுப்பு காட்டிவிடும்.

எங்கள் தெருமுனைக் காரும் சங்க உறுப்பினர் ஒருவருடையதே. சந்தாவைத் தவறாமல் கட்டுகிறவர். அவரிடம் பேசுவதுதான் அந்த ஆண்டின் கடினமான வேலையாக இருந்தது. நிறுத்த மாற்று இடத்தைக் கண்டுபிடித்த பிறகே, நானும் தலைவரும் அவர் வீட்டுக்குப் போனோம். ‘இருபது வருஷமா அங்கதான் சார் நிறுத்துறேன்’ என்றார். கணக்கெடுப்புத் தாளைக் காட்டவில்லை. மறுநாள் காலை எட்டேகாலுக்கு முனைக்கு வரும்படி மட்டும் கேட்டுக்கொண்டோம். வந்து பார்த்தார், வண்டியை மாற்றிக்கொண்டார். சங்கத்துக்குள் தீர வேண்டியதைத் தீர்க்காமல் காவல்துறைக்கு எழுதினால், எதிர்ப்பு மனுவும் அதே தெருவிலிருந்தே கிளம்பும்.

மனுவை எழுதுதல்

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை இருக்க வேண்டும். குப்பை, கொசு, கழிவுநீர் எல்லாவற்றையும் சேர்த்தால் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் மனு மேசையிலேயே கிடக்கும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வாசகம் இப்படி இருக்கலாம்:

‘… தெருவும் … சாலையும் சந்திக்கும் இடத்தில், வேலை நாட்களில் காலை 8 முதல் 9 மணி வரை … வாகனங்கள் செல்கின்றன, … பேர் சாலையைக் கடக்கின்றனர், அவர்களில் … பேர் பள்ளிக் குழந்தைகள். சந்திப்பை ஒட்டி வாகனங்கள் நிறுத்தப்படுவதால் எதிர்வரும் வண்டிகள் தெரிவதில்லை. எனவே இணைப்பு 2-இல் உள்ள வரைபடத்தில் காட்டியுள்ளவாறு, சந்திப்பின் இரு புறமும் நிறுத்தத் தடை அறிவித்துப் பலகை வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் நேரில் ஆய்வு செய்ய வரும் நாளைத் தெரிவித்தால் எங்கள் உறுப்பினர்கள் உடனிருப்பார்கள்.’

கணக்கெடுப்புத் தாள், வரைபடம், நேரம் தெரியும் மூன்று நான்கு புகைப்படங்கள், பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். புகைப்படத்தில் முகமும் வண்டி எண்ணும் தெரிய வேண்டியதில்லை. நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் தேதியுடன் அலுவலக முத்திரையைப் பெற்றுக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத நகல் பின்னால் எங்கும் செல்லாது. கவுன்சிலருக்கும் ஒரு நகல் போக வேண்டும். அவரைச் சுற்றிக்கொண்டு மேலே போனதாக அவர் எண்ணும்படி விடுவது வீண் வம்பு.

மனுவுக்குப் பிறகு

பதினைந்து நாளுக்கு ஒரு முறை, கையில் முத்திரையிட்ட நகலோடு, அதே இரண்டு பேர் அலுவலகம் செல்வது நல்லது; ஆள் மாறினால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். அதற்கும் அசையாவிட்டால் வேறு வாயில்கள் இருக்கின்றன. நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்க 2022-இல் விதிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி நாளன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. அங்கே கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம் ஆகியவற்றிலும் மனுவுக்கு ஓர் எண் கிடைக்கும்.

உயிரிழப்பு நேர்ந்த இடமென்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதுங்கள். கோயம்புத்தூர் எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-இல் பிறப்பித்த உத்தரவுகள், மாவட்டந்தோறும் இத்தகைய குழு இயங்க வேண்டும் என்கின்றன. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் உரிய தரத்தைப் பின்பற்றாமல் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. இதை மிரட்டலாக எழுத வேண்டாம், குறிப்பிட்டால் போதும். உயர் நீதிமன்றத்தை அணுகுவது கடைசி வழி. அங்கும் முதலில் கேட்கப்படுவது முத்திரையிட்ட அந்த மனு நகலைத்தான்.

சங்கம் தானாகச் செய்யக் கூடாதவை

மேஸ்திரியை வைத்துச் சிமென்ட்டில் வேகத்தடை எழுப்பக் கூடாது. இரவில் யாராவது விழுந்தால் பொறுப்பு சங்கத்தின் தலையில் விழும். பொதுத் தெருவுக்குக் குறுக்கே இரும்புக் கதவு போட்டுப் பூட்டக் கூடாது. தீயணைப்பு வண்டியும் 108-உம் வந்து நிற்கும்போது சாவி யாரிடம் என்று தேட நேரமிருக்காது. விதி மீறும் வண்டிகளைத் துரத்திப் பிடிப்பதும், ஓட்டுநரின் படத்தைக் குழுக்களில் சுற்றவிடுவதும் சங்கத்தின் வேலை அல்ல. கேமரா வைத்தால் அது தெருவைப் பார்க்க வேண்டும், எதிர் வீட்டு வாசலை அன்று.

வேலை நடக்கும் நாளும் அதற்குப் பின்னும்

ஒப்பந்ததாரரின் ஆட்கள் வரும் நாளில் ஒருவர் அளவு நாடாவோடு அங்கே இருக்க வேண்டும். வரைபடத்தில் காட்டிய இடத்திலிருந்து, நிழல் இருக்கும் இடத்துக்குப் பலகை நகர்ந்துவிடுவது நடக்கக்கூடியதே. கோடுகளுக்குச் சாதாரண பெயின்டுக்குப் பதிலாக வெப்பத்தில் உருக்கிப் போடும் தெர்மோபிளாஸ்டிக் கேளுங்கள். சாதாரண பெயின்ட் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை.

மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில், அதே படிவத்தில் மறுபடி எண்ணுங்கள். வேகம் குறைந்ததா, கடப்பவர்கள் கூடினார்களா, வண்டிகள் அடுத்த தெருவுக்கு இடம் மாறினவா என்று தெரிந்துகொண்டு, முடிவு எதுவாயினும் பொறியாளருக்கும் ஆய்வாளருக்கும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்; வேலை முடிந்த பிறகு அவர்களுக்கு எழுதுகிறவர்கள் அபூர்வம். முதல் கணக்கெடுப்புத் தாள், முத்திரை நகல்கள், தகவல் அலுவலரின் பதில்கள், இந்த இரண்டாம் கணக்கெடுப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் கட்டி, நிர்வாகிகள் மாறும் பொதுக்குழுவில் புதிய செயலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.